பொரிக்காத ஸ்பிரிங் ரோலுக்கு வேலூரில் வழி உண்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் வாசகர் கேள்விப் பகுதியில், வேலூரில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருவர், வியட்நாம் நாட்டு ஃபிரெஷ் ஸ்பிரிங் ரோல் நம் ஊரில் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார். காட்பாடியிலும் ஆபீசர்ஸ் லைனிலும் உள்ள எந்தத் துரித உணவுக் கடையிலும் கிடைக்கும் என்று ஒரே வரியில் அதற்குப் பதில் தரப்பட்டிருந்தது. பதில் எழுதியவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அந்தக் கடைகளில் கிடைப்பது எண்ணெயில் பொரித்த மைதாச் சுருள், அந்த மாணவி கேட்டது அரிசித் தாளில் பொரிக்காமல் சுருட்டும் வேறொரு பண்டம் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதே பண்டத்தைத் தேடி இதே ஊரில் நான் இரண்டு ஆண்டுகள் அலைந்திருக்கிறேன் என்பதுதான் காரணம்.

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உலகில் காலணி தைத்து அனுப்பும் நாடுகளில் வியட்நாம் முன்வரிசையில் இருப்பதால், பதனிட்ட தோல் மாதிரிகளை எடுத்துக்கொண்டு அங்கே போய்வருவது எங்கள் தொழிலில் புதிய செய்தியன்று. முதலாளியின் மகனுக்குத் துணையாக 2012-லும் 2018-லும் ஹோ சி மின் நகரத்துக்குப் போனேன். பழைய பெயர் சைகோன். அங்கே உள்ளவர்கள் பேச்சில் இன்றும் பெரும்பாலும் சைகோன் என்றே சொல்கிறார்கள், நம்மில் பலர் இன்னமும் வடஆற்காடு என்று சொல்வதைப் போல.

அந்த நகரத்தில் பென் தான் சந்தைக்கு அருகில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் அங்கே வட்டித்தொழில் செய்யப் போன நகரத்தார்களும் மற்றத் தமிழர்களும் விட்டுவந்த சுவடுகளில் ஒன்று அது. இன்று அங்கே கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்களே. சாமி கும்பிட்டுவிட்டுச் சந்தைப் பக்கம் நடந்தபோதுதான், கண்ணாடிப் பெட்டி வைத்த ஒரு தள்ளுவண்டியின் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளின் கைவேலையைப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக, அப்பளம் போல விறைப்பாக, ஆனால் கண்ணாடி போல ஊடே தெரிகிற ஓர் அரிசித் தாளை எடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முக்கு முக்கி உடனே வெளியே எடுத்து ஒரு பலகையின் மேல் விரித்தார். அது விறைப்பு நீங்கித் துவண்டு வருவதற்குள் ஒரு லெட்டூஸ் இலை, ஒரு பிடி வெள்ளை அரிசிச் சேமியா, புதினா, கொத்தமல்லி, இன்னும் எனக்குப் பெயர் தெரியாத இரண்டு மூன்று பச்சிலைகள் ஆகியவற்றை வரிசையாக வைத்து, பாதி சுருட்டி, இரு ஓரங்களையும் உள்ளே மடித்தார். அப்புறம்தான் இறாலை வைத்தார். வேகவைத்து நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த மூன்று இறால் துண்டுகளைச் சிவந்த முதுகு வெளியே தெரியும்படி அடுக்கி, மீதியையும் இறுக்கிச் சுருட்டினார். தாளின் ஊடே இறாலின் நிறம் தெரிந்தது. அடுப்பு இல்லை, எண்ணெய்ச் சட்டி இல்லை. ஒன்றைச் சுருட்டி முடிக்க அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

வழக்கமாக அதில் இறாலோடு பன்றி இறைச்சியும் வைப்பார்கள். வேண்டாம் என்று சைகையால் சொன்னதும் அந்த அம்மாள் இறாலை மட்டும் கூட்டி வைத்துக் கொடுத்தார். மேல்விஷாரத்திலிருந்தும் பேர்ணாம்பட்டிலிருந்தும் அங்கே போகிற நம் தோல் வியாபாரிகள் இந்த ஒன்றைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. சைவம் வேண்டுவோருக்கும் வழி இருக்கிறது. ‘சாய்’ என்று ஒரு சொல்லைச் சொன்னால் போதும், காளானோ சோயாக் கட்டியோ வைத்துத் தருவார்கள். அவர்களுடைய நிலா நாட்காட்டியில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர்களில் பலர் புலால் தவிர்க்கிறார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நம் வீடுகளில் நடப்பதேதான்.

தொட்டுக்கொள்ள இரண்டு வகை உண்டு. ஒன்று, சோயாவில் செய்த கறுப்பு விழுதைத் தளர்த்தி, மேலே வறுத்து நொறுக்கிய நிலக்கடலையையும் மிளகாயையும் தூவியது. மற்றொன்று, நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவிட்டு இறக்கும் மீன் சாறில் எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, மிளகாய் கலந்தது. முதல் வகை நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போகும். இரண்டாவது, கருவாட்டு வாசனையில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் முதல் தடவையிலேயே பிடிக்கும்.

இதற்கு அங்கே பெயர் ‘கோய் குவோன்’. கோய் என்றால் பச்சைக் காய்கறிக் கலவை, குவோன் என்றால் சுருள். பொரித்த சுருள் அவர்களிடமும் இருக்கிறது, ஆனால் அதற்குப் பெயரே வேறு. தெற்கே அதைச் ‘சா யோ’ என்பார்கள். வடக்கே வேறு பெயர். ஆக, அந்த ஊரில் இரண்டுக்கும் குழப்பமே கிடையாது. இரண்டையும் ஆங்கிலத்தில் ஸ்பிரிங் ரோல் என்று எழுதியபோதுதான் சிக்கல் தொடங்கியது. சீனத்தில் வசந்த காலத் தொடக்கத்தில் சாப்பிட்ட சுருளுக்கு வைத்த பெயரின் மொழிபெயர்ப்பு அது. அந்தப் பெயர் சென்னை வழியாக நம் ஊருக்கு வந்தபோது, கூடவே மைதாவும் முட்டைக்கோஸும் எண்ணெய்ச் சட்டியும் வந்து சேர்ந்துவிட்டன.

இந்தக் குழப்பத்துக்கு நான் காசு கொடுத்தும் பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டு பேத்தியின் பிறந்தநாளுக்கு நம் நகரத்தில் உள்ள ஓர் உணவகத்துக்குக் குடும்பத்தோடு போனோம். பெயர் வேண்டாம். உணவுப் பட்டியலில் ‘வியட்நாமீஸ் ஃபிரெஷ் ஸ்பிரிங் ரோல்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருந்தார்கள், விலையும் சும்மா இல்லை. ஆவலோடு சொல்லிவிட்டு, வரும் வரை பேத்திக்குப் பென் தான் சந்தைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தது பொன்னிறத்தில் மொறுமொறுவென்று பொரித்த மைதாச் சுருள். உள்ளே முட்டைக்கோஸ், காரட், அஜினோமோட்டோ சுவை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தக்காளி சாஸும் இன்னொன்றில் மயோனைஸும் இருந்தன. பரிமாறிய தம்பியை அழைத்து, “ஃபிரெஷ் என்று போட்டிருக்கிறதே?” என்று கேட்டேன். “ஃபிரெஷ்தான் சார், இப்பதான் எண்ணெயில இருந்து எடுத்தோம்” என்றார். பொய் சொல்லும் முகம் இல்லை அது. அவருக்குத் தெரிந்த பொருளில் அவர் சொன்னது சரிதான். என் மனைவி இன்றுவரை, தோசைக்கல்லிலிருந்து தோசையை எடுக்கும்போதெல்லாம், “ஃபிரெஷ்தான் சார்” என்று சொல்லிக்கொண்டேதான் தட்டில் போடுகிறாள்.

அதன் பிறகு கேட்டுவிட்டுத்தான் உட்காருவது என்று முடிவு செய்தேன். சத்துவாச்சாரி, கிரீன் சர்க்கிள், காட்பாடி என்று பல இடங்களில் விசாரித்துவிட்டேன். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “மேல்தோல் மைதாவா, அரிசித் தாளா?” மைதா என்றால் அது பொரித்தது, மேலே பேச வேண்டாம். நான் கேட்ட இடங்களில் ஒரே ஒருவர்தான் அரிசித் தாள் என்றால் என்னவென்று தெரிந்து பேசினார். சிங்கப்பூரில் சமையல் வேலை பார்த்துத் திரும்பியவர். செய்து வைத்தால் விற்காது, சொல்லிவிட்டுச் செய்தால் வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார் என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இந்தச் சுருள் கைச்சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டியது. இரண்டு மணி நேரம் போனால் மேல்தோல் காய்ந்து ரப்பராகும், குளிர்பெட்டியில் வைத்தால் விறைத்து வெடிக்கும், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது கிழியும். மோட்டார் சைக்கிளில் பையில் குலுங்கி வீட்டுக்கு வருகிற உணவுக்கு இது பொருந்தாது. பொரித்த சுருளோ எத்தனை முறை சூடாக்கினாலும் தாங்கும். நம் ஊரில் அது வென்றதற்குச் சுவையைவிட இந்தத் தாக்குப்பிடிக்கும் குணமே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே மாணவியின் கேள்விக்கு நான் அறிந்த நேர்மையான பதில் இது: வேலூரில் நான் தேடிய வரையில் கடையில் கிடைக்கவில்லை. சுமார் 140 கிலோமீட்டர் போய்ச் சென்னையில், கிழக்காசிய உணவு பரிமாறும் பெரிய உணவகங்களில் தேடலாம். அங்கேயும் மேற்படி கேள்வியைக் கேட்டுவிட்டே சொல்லவேண்டும். புதுச்சேரிக்குப் போகிறவர்கள் அங்கே உள்ள பழைய குடும்பங்களோடு பழக்கம் இருந்தால் விசாரிக்கலாம். பிரெஞ்சு அரசின் படையிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கச் சைகோன் போய், அங்கேயே குடும்பமாகித் திரும்பியவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். வியட்நாம் சமையல் அவர்களில் சிலருடைய வீட்டு அடுப்பில் இன்னும் இருக்கிறது. ஆனால் அது விருந்துக்குக் கூப்பிட்டால் கிடைப்பது, கடையில் விற்பதன்று. கடையில் வாங்கியே தீரவேண்டும் என்பவர்களுக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும்.

வீட்டில் செய்து பார்க்கத் துணிந்தவர்களுக்கு வழி இதைவிட நேரானது. அரிசித் தாளை இணையக் கடைகளில் வரவழைக்கலாம். எனக்கு அது கிடைத்தது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், கார்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் கொரியர்களை நம்பி நடக்கும் ஒரு மளிகைக் கடையில். சென்னையிலிருந்து திரும்பும் வழியில் இறங்கி வாங்கினேன். அகலம் 22 சென்டிமீட்டர், உறை மேல் வியட்நாமில் செய்தது என்று இருந்தது. மற்றது அனைத்தும் நேதாஜி மார்க்கெட்டில் இருக்கிறது. புதினா, கொத்தமல்லி, காரட், வெள்ளரி, வெங்காயத்தாள் எல்லாம் இருபது அடிக்குள் கிடைக்கும். லெட்டூஸ் மட்டும் பெரிய கடைகளில் தேடவேண்டும். சைகோனில் அந்த அம்மாள் வைத்த பெயர் தெரியாத பச்சிலைகளில் ஒன்றை முகர்ந்ததுமே எங்கேயோ பழகிய வாசனை என்று தோன்றியது. ஊருக்கு வந்து பார்த்தால் அது நம் திருநீற்றுப்பச்சிலையேதான், சப்ஜா விதை தருகிற அதே செடி. பூக்காரம்மாவிடம் மாலைக்கு இல்லை, சாப்பிடுவதற்கு என்று கேட்டபோது அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அரிசிச் சேமியாவுக்குப் பதில் இடியாப்பத்தை ஆறவைத்து உதிர்த்து வைத்தோம், குறை தெரியவில்லை. நிலக்கடலைக்கு வடஆற்காட்டில் யாரிடம் போய்க் கேட்கவேண்டும்?

தாளை நனைப்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள், நானும் தவறினேன். மெத்தென்று ஆகும் வரை தண்ணீரிலேயே போட்டு வைத்தால் அது கையில் பிடிக்க முடியாத கூழாகிவிடும். மூன்று நான்கு வினாடியில், இன்னும் விறைப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். மீதி ஈரத்தைப் பலகையின் மேல் இருந்தபடியே அது உறிஞ்சிக்கொள்ளும். முதல் நாள் ஏழு தாள் கிழிந்தது, எட்டாவது நின்றது.

இனி நான் எழுத வந்ததன் மையத்துக்கு வருகிறேன். அந்த உறையைப் பிரித்துத் தாளை வெளியே எடுத்ததும் என் மூத்த சகோதரி வாங்கிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை ஒடித்து வாயில் போட்டுவிட்டு, “இது இலை வடாம்டா” என்றார். நான் அசந்துவிட்டேன். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, நீர்க்கக் கரைத்து, இலையிலோ சின்னத் தட்டிலோ மெல்லியதாகத் தேய்த்து, ஆவியில் வைத்து எடுத்து, ஓரத்தில் நகத்தால் கிளப்பி உரித்து, துணியில் காயப்போடுவது இலை வடாம். வியட்நாமில் என்ன செய்கிறார்கள்? கொதிக்கும் தண்ணீர்ப் பானையின் வாயில் இழுத்துக் கட்டிய துணியின் மேல் அரிசி மாவுக் கரைசலை வட்டமாகத் தேய்த்து, மூடி, ஆவியில் வெந்ததும் மெல்லிய மூங்கில் குச்சியால் உருட்டி எடுத்து, மூங்கில் தட்டியில் விரித்து வெயிலில் காயவைக்கிறார்கள். வேலை ஒன்றே. நாம் காய்ந்ததை எண்ணெயில் போடுகிறோம், அவர்கள் தண்ணீரில் போடுகிறார்கள். சிறு பிள்ளைகளாக இருந்தபோது வடாம் காய்வதற்கு முன்னால் ஈரத்தோடு சுருட்டி நல்லெண்ணெய் தொட்டுத் தின்று அம்மாவிடம் அடி வாங்கியவர்கள், கோய் குவோனுக்கு மிக அருகில் வந்திருந்தார்கள் என்பேன்.

அந்த நாட்டில் தை நின் மாகாணத்தில் சாங் பாங் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே வெயிலில் காய்ந்த தாளை இரவுப் பனியில் சிறிது நேரம் விரித்து வைத்து இளகவிடுகிறார்கள். அந்தத் தாளைத் தண்ணீரில் நனைக்காமலே சுருட்டலாம், அதற்கென்றே அந்த ஊருக்குப் பெயர். நம்மிடம் மார்கழிப் பனி இருக்கிறது. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மற்ற ஊர்க்காரர்கள் நம்மை வெயிலூர் என்று கேலி செய்யும் அளவுக்கு இருக்கிறது. அரிசிக்கு ஆரணி ஒரு மணி நேரப் பயணம்.

சகோதரி சும்மா இருக்கவில்லை. சித்திரையில் எள்ளும் சீரகமும் போடாமல், தட்டின் அகலத்தைக் கூட்டி, வெறும் அரிசியில் பத்து இலை வடாம் இட்டார். காய்ந்ததை நனைத்துச் சுருட்டினால் மடிப்பில் விரிந்தது. கடைத் தாளின் உறையைப் பார்த்தோம், அரிசியோடு மரவள்ளி மாவும் சேர்த்திருந்தது. அடுத்த முறை, மரவள்ளியில் செய்வதுதானே என்று ஜவ்வரிசியை ஊறவைத்து நாலில் ஒரு பங்கு சேர்த்து அரைத்தார். இந்தத் தடவை பத்தில் ஆறு சுருண்டு நின்றன. கடைத் தாளைவிடத் தடிப்பு, ஊடே அவ்வளவாகத் தெரியவும் இல்லை, ஆனால் அரிசியின் மணம் கூடுதல். வெயிலில் அவசரமாகக் காய்ந்தால் ஓரம் சுருட்டிக்கொள்கிறது என்றும், முதலில் நிழலில் அரை நாள் போடவேண்டும் என்றும் அவர் கணிக்கிறார். எழுபது வயதில் அவருக்கு வந்த கைப்பக்குவத்தை இரண்டு வெயில் காலத்தில் மற்றவர்களும் பிடித்துவிடலாம்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரியான சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பார்க்கட்டும். வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருபவர்களுக்காக, கடுகெண்ணெயும் மீன் குழம்பும் வங்காள எழுத்துப் பலகையும் அந்தத் தெருக்களில் எப்போதோ வந்துவிட்டன. யாரும் திட்டம் போட்டு வரவழைக்கவில்லை, கேட்டவர்கள் இருந்தார்கள், விற்பவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். எண்ணெய் இல்லாத உணவு என்பதால் நோயாளிகளுக்கு நல்லது என்று யாரும் இதை விற்கத் தொடங்கிவிடக் கூடாது. இதில் இருப்பது பச்சை இலை. மருத்துவர் பச்சைக் காய்கறி கூடாது என்று சொன்னவர்களுக்கு இது ஆகாது, நிலக்கடலை ஒவ்வாதவர்களுக்கும் ஆகாது. விற்பவர் இலையை நல்ல தண்ணீரில் பலமுறை அலசவேண்டும், கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். பொரிக்கும் பண்டத்தில் எண்ணெயின் சூடு மறைத்துவிடுகிற அலட்சியத்தை இதில் மறைக்க முடியாது.

தாங்கள் இரண்டு உதவிகள் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாணவியின் கேள்விக்குத் தந்த பதிலை, பொரித்ததும் பொரிக்காததும் வேறு வேறு என்ற அளவிலாவது திருத்தி வெளியிட வேண்டும். உணவகம் நடத்துபவர்களும் பட்டியலில் பொரித்ததற்குப் ‘பொரித்தது’ என்று எழுதிவிட்டால் போதும், அதற்குத் தனி வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், யாரும் குறைந்துவிட மாட்டார்கள். இரண்டாவது, வடாம் அப்பளம் செய்து விற்கும் மகளிர் குழுக்கள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் இருக்கின்றன. அவர்களில் யாரேனும் அகலத் தட்டில் மரவள்ளி சேர்த்து இலை வடாம் இட்டுப் பார்க்க முன்வந்தால், தங்கள் அலுவலகம் வழியாக எனக்குத் தெரிவிக்க வேண்டும். முதல் ஐம்பது தாளுக்கு நான் முன்பணம் தருகிறேன். சகோதரியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுப்பதாகச் சொல்கிறார், ஆனால் கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே கூப்பிட்டுவிட வேண்டுமாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சத்துவாச்சாரி, வேலூர்.